கெண்டைக்காலில் பட்ட பல்

உத்திரமேரூர்,
8-9-1979

அன்புள்ள மாமாவுக்கு, பாக்கியமேரி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அத்தையும் இருக்கிறோம். உங்கள் சுகத்தைக் கேட்கத்தான் இந்தக் கடிதம் முழுவதும்.

செவ்வாய்க்கிழமை மேஸ்திரி விலாசத்துக்குத் தந்தி கொடுத்தேன். நாலு நாளாகப் பதில் இல்லை. நம் தெரு ஏசுதாஸ் இன்று பம்பாய்க்கு ரயில் ஏறுகிறான். அவனிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவன் வாயால் சொன்னால் சிரித்துத் தள்ளிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் நாய் துரை செத்துப்போய்விட்டது. நீங்கள் புறப்பட்ட நாலாம் நாள் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தது. சோறு வைத்தால் முகர்ந்துவிட்டு மண்ணைத் தின்றது. குரல் மாறிப்போய், வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று நான்தான் வாயைத் திறந்து விரல் விட்டுப் பார்த்தேன். புல்லறுக்கும்போது அருவாள் கிழித்த விரல். ஞாயிற்றுக்கிழமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, வேதாசலம் வீட்டுக் கன்றுக்குட்டியைக் கடித்தது. ஏரிக்கரையில் மடக்கி அடித்தார்கள். மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு வெறிதான் என்றார். கடிபட்டவர்கள், வாயைத் தொட்டவர்கள் எல்லாரும் காஞ்சிபுரம் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்.

அப்போதுதான் உங்கள் கால் ஞாபகம் வந்தது. புறப்பட்ட அன்று பஸ்வரைக்கும் பின்னாலேயே வந்த துரையைக் காலால் தள்ளினீர்கள். அது கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. லேசாகப் பல் பட்டதுதான் என்று சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு ஏறிவிட்டீர்கள். அது நினைவு வந்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அடுப்பில் உலை வைத்ததை மறந்து வாசலில் நிற்கிறேன்.

நான் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம் என்று அத்தை தடுத்தார்கள். பச்சிலை மூன்று வேளை தின்று பத்தியம் இருந்தால் போதுமாம். அவர்களையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கம்பவுண்டர் அவர்களிடம் சொன்னார்: "தண்ணியப் பார்த்து பயம் வந்துட்சின்னா அப்பால எந்த மருந்தும் கேக்காது ஆயா. அதுக்கு முன்னாலயே ஊசி போட்டுக்கணும்." வீட்டுக்கு வந்ததும் அத்தை, "அவன் இன்னாத்துக்கு இன்னும் காயிதம் போடல?" என்று கேட்டார்கள்.

தினம் ஒன்றாகப் பதினாலு ஊசி, தொப்புளைச் சுற்றி. இன்று எனக்கு ஐந்தாவது. வலிக்கிறது, வீங்குகிறது, பொறுத்துக்கொள்ளலாம். இந்த நிலைமையில் வயிற்றில் போடலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். போட்டால்தான் இரண்டு உயிரும் பிழைக்கும் என்றார். ஆமாம் மாமா, இரண்டு மாதம். நிச்சயமாகட்டும் என்றுதான் நீங்கள் போகும்போது சொல்லவில்லை.

காயம் ஆறிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். ஆறின பிறகு, மாதங்கள் கழித்தும் வருமாம். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் நாய்க்கடி ஊசி என்று கேளுங்கள். ஒரு நாளும் விடக்கூடாது. ஊசி முடியும்வரைக்கும் சாராயம் தொடக்கூடாதாம். மேஸ்திரி லீவு தராவிட்டால் வேலையை விட்டுவிடுங்கள். கையோடு கூட்டிப்போக ஏசுதாஸிடம் சொல்லியிருக்கிறேன். அவன் மேல் கோபப்படாதீர்கள்.

காலையும் மாலையும் உங்களுக்காக முழங்காலில் நிற்கிறேன். கர்த்தர் காப்பார். ஆனால் ஆஸ்பத்திரிக்கு நீங்கள்தான் நடந்து போக வேண்டும். இதைப் படித்து முடித்ததும் எழுந்திருங்கள் மாமா.

உங்கள்
பாக்கியமேரி