டேய் என்று சொல்லக்கூடாது

ஏப்ரல் 22
கோடை முகாமுக்கு ஆறு பிள்ளைகள் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் பதினாறு, பதினேழு வயது. மே மாதம் எங்கள் ஐயப்பன்தாங்கல் குடியிருப்பின் சின்னக் குழந்தைகளை இவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இவர்களைத் தயார் செய்வது என் தலையெழுத்து. கரையான்சாவடியிலிருந்து வரும் எழிலரசி மட்டும் தேறுவாள். நான் எழுதிவைத்த வரவேற்புப் பாட்டைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, பசங்க தூங்கிடுவானுங்க" என்றாள். கொழுப்பு. ஆனால் சொன்னது உண்மை.

ஏப்ரல் 25
ஒத்திகைக்குக் கொஞ்சம் குழந்தைகளை வரவழைத்தேன். மற்றவர்கள் விசிலை வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தார்கள். எழில் ஒரே அதட்டு: "டேய், அல்லாரும் இப்டி வந்து குந்துங்கடா." குந்தினார்கள். ஏழு வயது அரவிந்தன் இருக்கிறானே, வாலில்லாத குரங்கு, அவனே போய் அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டான்.

ஏப்ரல் 26
அரவிந்தனின் அம்மா கிருஷ்ணப்பிரியா போன் செய்தார். சாப்பிடும்போது பையன் அப்பாவிடம் "இன்னா நைனா" என்றானாம். "இதுக்குத்தான் கேம்ப்புக்கு அனுப்புறோமா?" சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பின்னாலேயே குடியிருப்புச் சங்கச் செயலாளர் கிருபாகரன். அந்தப் பெண்ணை மாற்றிவிடலாமே என்றார். அவளை விட மனசில்லை. நான் சரிசெய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். என் வாய் சும்மா இருக்குமா?

ஏப்ரல் 28
புது விதி. டேய், வாடா, போடி எதுவும் கிடையாது. "வாங்க கண்ணா, உட்காருங்க கண்ணா" மட்டும்தான். வாய் தவறினால் எல்லார் முன்னாலும் திருத்திச் சொல்ல வேண்டும்.

இப்போது எழில் பேசுவதற்கு முன்னால் உதடு அசைகிறது — உள்ளுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள். "நல்ல முன்னேற்றம்" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். அவள் சிரிக்கவில்லை.

மே 3
முகாம் தொடங்கி இரண்டாம் நாளே இப்படியா?

அரவிந்தன் சறுக்குமரத்தின் மேல்கம்பியில் ஏறி நின்றான். எழில் சற்றுத் தள்ளிக் கீழே. நான் வராந்தாவிலிருந்து பார்க்கிறேன். வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. "அரவிந்தன் கண்ணா, கீழே..." அதற்குள் விழுந்துவிட்டான்.

தூக்கிக்கொண்டு ஓடியதும் அவள்தான். நெற்றியில் தையல். ஒரு டேய் போதுமே, இறங்கியிருப்பானே. அதை அவள் வாயிலிருந்து பிடுங்கியது யார்? நான்தானே.

மே 4
சங்கக் கூட்டம். "பொண்ணு வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னிருக்கு" என்றார் கிருபாகரன். எழில் எழுந்து வெளியே போய்விட்டாள். எனக்கு வந்ததே கோபம். அவள் வேடிக்கை பார்க்கவில்லை சார், வார்த்தை தேடினாள், தேடச் சொன்னது நான், அனுப்புவதென்றால் என்னை அனுப்புங்கள் என்றேன். கடைசியில் கிருஷ்ணப்பிரியா, "அவன் அந்த அக்காவைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கான்" என்றார். அதோடு முடிந்தது. எழில் இருக்கலாம்.

இருப்பாளா?

மே 5
போனை எடுக்கவில்லை.

மே 6
அவள் வீட்டுக்கே போனேன். சந்தில் நுழையும்போதே குரல். "டேய், செவுத்து மேல இன்னாடா பண்ணிகினு கீற, எறங்குடா கீய." அவள் தம்பி மறுநொடி தரையில் நின்றான். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது.

"வணக்கம் மேடம். உட்காருங்க மேடம்."

ஐயோ, அந்த 'இன்னாக்கா' எங்கேடி போச்சு? கேட்கத் துணிவில்லை. "தப்பு என்னோடது எழில். அந்த விதி இனிமே கிடையாது. வந்துடும்மா" என்றேன்.

"யோசிச்சுச் சொல்றேன் மேடம்."

மே 8
காலையில் பயிற்சிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, அடிவயிற்றிலிருந்து "டேய், நில்லுடா" என்று கத்தப் பழக்கினேன். காவலாளி பதறி ஓடிவந்தார். எழில் வந்திருந்தாள். கத்தாமல் ஓரமாக நின்று பார்த்தாள். அவளுக்கு எதற்குப் பயிற்சி?

கொஞ்ச நேரத்தில் அரவிந்தன், நெற்றியில் கட்டோடு வேடிக்கை பார்க்க வந்தவன், மறுபடி அந்தக் கம்பியில் கால் வைத்தான். "டேய் அரவிந்தா, எறங்குடா கீய" என்று எழிலின் குரல். மாடியில் ஜன்னல் திறந்தது. கிருஷ்ணப்பிரியா எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அவன் இறங்கிவிட்டான்.

மதியம் முகாம் முடிந்ததும் எழில் விசிலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "நாளைக்கு வரேன் மேடம்" என்றாள்.

குழந்தைகளுக்கு டேய் திரும்பிவிட்டது. எனக்கு அக்கா இன்னும் வரவில்லை.