இன்சுலினை நிறுத்திய ஏழு வீடுகள்

அனுப்புநர்
ஜெ. தேவயானி,
க/பெ. ஜெயபிரகாஷ்,
விசைத்தறித் தொழிலாளி,
பிள்ளையார் கோயில் தெரு, கீழ்ப்பட்டறை,
நகரி மண்டலம், சித்தூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட மருத்துவ, சுகாதார அலுவலர் அவர்கள்,
சித்தூர்.

பொருள்: மரபணு மருந்து என்ற பயத்தால் இன்சுலினை நிறுத்தியவர்களுக்குத் தமிழில் விளக்கக் கூட்டம் நடத்தக் கோருதலும், அதில் என் தவறைத் தெரிவித்தலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் நான்கு ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்பவர். சென்ற மாதம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு வந்தது. இன்சுலின் கிருமிக்குள் மனித ஜீனைப் புகுத்திச் செய்யும் மருந்து, போட்டால் நம் ஜீனே மாறும், பேரப்பிள்ளைகள் ஊனமாகப் பிறக்கும் என்று ஒருவர் நல்ல தமிழில் பேசினார். என் மகள் நந்திதா அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. அவள் எப்போதோ பிறந்துவிட்டாள், இனி அப்பாவின் ஊசி அவள் பிள்ளையை என்ன செய்யும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. குளிர்பெட்டியிலிருந்த மருந்துக் குப்பிகளை நானே எடுத்து எறிந்தேன். கணவர் மறுக்கவில்லை. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

2. அதோடு நிற்கவில்லை ஐயா. அந்தப் பதிவை இன்னும் இரண்டு குழுக்களுக்கு அனுப்பியதும் நான்தான்.

3. ஒன்பதாம் நாள் அவர் தறிக்குப் பக்கத்திலேயே சரிந்தார். மூச்சு வாங்கியது, பேச்சு குழறியது. திருப்பதி மருத்துவமனையில் ஐந்து நாள் இருந்தோம். அங்கே வேலூர்ப் பக்கத்து மருத்துவர் சபீனா அம்மையார் என்னைத் திட்டுவார் என்று பயந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். "அந்த ஆடியோவுல பாதி நெசம்மா. கிருமியிலதான் செய்றாங்க. ஆனா சுத்தம் பண்ணித்தான் குப்பியில அடைக்கிறாங்க. ஒடம்புக்குள்ள போறது கிருமியும் இல்ல, ஜீனும் இல்ல. நல்லா இருக்கிறவங்க ஒடம்பு தானே சுரக்குதே, அந்த இன்சுலின்தான். முன்னல்லாம் பன்னி, மாட்டுக் கணையத்துலருந்து எடுத்தாங்க" என்றார். அதைக் கேட்டு வியப்பில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி என் கணவருக்காக வேலை செய்கிறது.

4. ஊர் திரும்பிய அன்றே வீடு வீடாகப் போனேன். என்னால் ஊசியை நிறுத்தியவர்கள் ஏழு வீட்டில் இருந்தார்கள். நான்கு வீடுகளில் மறுபடி தொடங்கிவிட்டார்கள். மூன்று வீடுகளில் மறுக்கிறார்கள். விவசாயி கங்கையா, "அன்னிக்கி வாணாம்னதும் நீதான், இன்னிக்கிப் போடுன்றதும் நீதான். எத்த நம்பறது?" என்றார். அவர் கால்புண் ஆறாமல் இருக்கிறது. கத்திரிக்காயிலும் இப்படி ஜீனை மாற்றுகிறார்களாமே, அதுவும் நல்லதா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

5. ஆஷா பணியாளர் செங்கம்மா மேல் குறை இல்லை. சர்க்கரை நோய் மருந்தை நிறுத்தக் கூடாது என்று இரண்டு முறை துண்டறிக்கை கொடுத்தார். அது தெலுங்கில் இருந்தது. நாங்கள் வீட்டில் தமிழும், சந்தையிலும் பேருந்திலும் தெலுங்கும் பேசுவோம். தெலுங்கு படிக்கத் தெரிந்தவர்கள் பிள்ளைகள்தான். பயம் எங்களுக்குத் தமிழில் வந்தது ஐயா. பதில் மட்டும் இன்னும் வரவில்லை.

6. ஆகவே, தமிழ் பேசும் மருத்துவர் ஒருவரையும், பயிர்களைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒருவரையும் எங்கள் ஊருக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன். எங்கள் கேள்விகளைக் கேட்டுச் சிரிக்காதவர்களாக இருந்தால் போதும். அந்தக் குரல்பதிவு எங்கிருந்து கிளம்பியது என்று விசாரிக்கவும் வேண்டுகிறேன். அந்த விசாரணையில் என் பெயரும் வரும், வரட்டும்.

7. தறிகள் ஓடாத வரும் ஞாயிறு, 23ஆம் தேதி, எல்லோரும் ஊரில் இருப்பார்கள். அன்று எல்லோர் முன்னிலையிலும் தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்ள என் கணவர் சம்மதித்திருக்கிறார். கங்கையாவும் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஊசி போட்ட பிறகுதான் கணவர் சாப்பிட வேண்டும், அதிகம் தாமதிக்கவும் கூடாது. எனவே வருபவர்கள் காலை எட்டு மணிக்குள் வந்துவிட வேண்டும். எல்லோருக்கும் எங்கள் வீட்டில் இட்லி இருக்கும்.

நந்திதா எழுதிய தெலுங்குப் பிரதியை இணைத்துள்ளேன்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்) ஜெ. தேவயானி

இடம்: கீழ்ப்பட்டறை
நாள்: 17.11.2025