வாளியில் மூழ்கிய மவுத்ஆர்கன்

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், என் முதுகுவலியும் என்னைவிட்டுப் பிரியாமல் நன்றாக இருக்கிறது, நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாயா என்று கேட்டு எழுதச் சொன்னாள் அம்மா. போனில் கேட்டால் "ம்ம்" என்கிறாய். அந்த ஒரு "ம்ம்"மை வைத்துக்கொண்டு அவள் ஒரு வாரம் கவலைப்படுகிறாள், ஆகவே பதிலில் நாலு வரியாவது இருக்கட்டும். எதிர்வீட்டுக்காரர் குளியலறையில் மறுபடியும் தண்ணீர் நின்றுவிட்டது, திறந்து பார்த்தால் குழாய்க்குள் அவருடைய செருப்பு. எப்படிப் போயிற்று என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மற்றபடி வீட்டில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. உன் கட்டில், உன் சைக்கிள், உன் புத்தகங்கள் எல்லாம் பத்திரம். ஒரே ஒரு சாமான் தவிர.

சுற்றி வளைத்தது போதும், சொல்லிவிடுகிறேன். ஊருக்குக் கிளம்பும்போது மேசை டிராயரைக் காட்டி, "அப்பா, எதை வேணா தொடுங்க, என் மவுத்ஆர்கனை மட்டும் தொட்றாதீங்க, முதல் சம்பளத்துல வாங்கினது" என்று சொல்லிவிட்டுப் போனாய் அல்லவா? தொட்டுவிட்டேன். எட்டு மாதம் கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். நீ வாசித்த காலத்தில் "கதவைச் சாத்துடா, காது கிழியுது" என்று தினமும் கத்தியவன் நான்தான், மறுக்கவில்லை. இப்போது சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் கத்துவதற்கு ஒன்றும் இல்லை. வீடு உம்மென்று இருக்கிறது. அந்தச் சத்தத்தை நானே கொஞ்சம் போட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. அம்மா காய் வாங்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து எடுத்து ஊதினேன்.

எல்லா ஓட்டையும் ஒழுங்காகத்தான் பேசியது, நாலாவது ஓட்டையில் மூச்சை உள்ளே இழுத்தால் மட்டும் ஈனமாக, சளி பிடித்தவன் முனகுவதுபோல ஒரு சத்தம். சரி, காற்று எங்கோ கசிகிறது என்று முடிவு கட்டினேன். முப்பத்திரண்டு வருஷம் குழாயும் கையுமாகத் திரிபவன் கசிவைக் கண்டுபிடிக்க என்ன செய்வான், நீயே சொல். வாளி நிறையத் தண்ணீர் பிடித்தேன். மவுத்ஆர்கனை வாயில் வைத்துக்கொண்டு தலையோடு வாளிக்குள் விட்டு ஊதினேன், குமிழி எங்கே வருகிறது என்று பார்ப்பதற்காக. சுற்றிலும் வந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. எல்லா இடத்திலும் லீக் என்று நினைத்து, குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பை எடுத்துச் சுற்றோ சுற்று என்று சுற்றிவிட்டேன். அதற்குள் அம்மா வந்துவிட்டாள், தலையெல்லாம் சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பார்த்து, "மூஞ்சி கழுவ ஒரு வாளித் தண்ணியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் பிரித்துப் பார்த்தால் நடுவில் இருக்கிற மரம் ஊறிப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. அதோடு விட்டிருக்கலாம். எலக்ட்ரீஷியன் ஏணியிடம் யோசனை கேட்டேன். ஏணி யார் என்று உனக்குத் தெரியுமே, நாற்காலி போடாமலே சீலிங் ஃபேன் மாட்டுவானே, அவன்தான். "இது ஒரு விஷயமாண்ணே, தலைமுடி காய வைக்கிற மிஷினைப் பிடிங்க, அஞ்சு நிமிஷம்" என்றான். பிடித்தேன். நாலாவது நிமிஷத்தில் படக் என்று ஒரு சத்தம் கேட்டது, மரம் இரண்டாகப் பிளந்துவிட்டது. ஏணி அப்படியே நைசாக நழுவிவிட்டான். நீயோ அடுத்த மாதம் லீவில் வருகிறாய், வந்ததும் டிராயரைத்தான் திறப்பாய் என்று எனக்குத் தெரியாதா? அதே மாதிரி ஒன்று வாங்கி, கமுக்கமாக வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

வாத்தியக் கடையில் ஓர் அம்மா, மூக்கு நுனியில் கண்ணாடி, எதைக் கேட்டாலும் பதிலுக்கு ஒரு கேள்வி. "நல்லதா ஒரு மவுத்ஆர்கன் குடுங்க" என்றேன். "என்ன மாதிரி பாட்டுக்கு?" என்றாள். "சத்தம் வந்தா போதும்மா" என்று சொல்லிவிட்டு, இரண்டு வரிசை ஓட்டை போட்டதாக ஒன்றை நானே பொறுக்கினேன். பத்து ஓட்டைக்கு நாற்பத்தெட்டு ஓட்டை உசத்திதானே? வீட்டுக்கு வந்து டிராயரில் வைத்தால் டிராயர் மூடவில்லை, அவ்வளவு நீளம். திரும்பக் கொண்டுபோனேன். எதற்கு வேண்டும் என்று அவள் குடைந்தெடுக்க, வாளிக் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் சிரிக்கவில்லை. பின்னறையில் ரிப்பேர் பார்க்கிறவரைக் கூப்பிட்டு, "இங்க வாங்க, இவர் சொல்றதைக் கேளுங்க" என்று என்னை மறுபடியும் முதலிலிருந்து சொல்லவைத்து, அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

ஆனால் மகனே, அந்த அம்மா விஷயம் தெரிந்தவள். நான் வாங்கியது அலையலையாக நடுங்கிக் கேட்கும், மெல்லிசைக்குச் சரி, நீ எப்படி வாசிப்பாய் என்று நான் சொன்னதை வைத்து அது ப்ளூஸ் என்கிற அமெரிக்கப் பாட்டு, அதற்கு இது ஆகாது என்றாள். ப்ளூஸில் ஸ்வரத்தை வாயாலேயே இழுத்து வளைக்க வேண்டுமாம், அதற்கு ஒரே வரிசையில் பத்து ஓட்டை உள்ள டயட்டானிக்தான் வேண்டுமாம். பக்கத்தில் பொத்தான் வைத்த ஒரு வகை இருக்கிறது, அதில் எல்லா ஸ்வரமும் வரும், ஆனால் அது வேறு வித்தை என்றாள். பழகுகிறவர்களுக்கு 'சி' சுருதி நல்லது, ரொம்பக் கீச்சென்றும் இருக்காது, ரொம்பக் கனத்தும் இருக்காது. மேல்தகட்டை ஆணியால் அடித்திருந்தால் வாங்கக் கூடாது, திருகாணி போட்டிருந்தால்தான் கழற்றித் துடைக்கலாம், இது எனக்குச் சொல்லாமலே புரிந்தது. தகட்டின் விளிம்பு வழவழவென்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மீசையைப் பிடிக்கும். இதுவும் எனக்குப் புரிந்தது, உன்னுடையது என் மீசையைப் பிடித்துக்கொண்டு தொங்கியபோது மின்சார மீட்டர் பார்க்கிறவர் வாசலில் நின்றார், அதை விரிவாக எழுத மாட்டேன். நடுவில் மரம் இருந்தால் எச்சில் பட்டே ஊறும் என்று சொல்லி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க வீட்டுக்கு பிளாஸ்டிக்தான் சரி" என்றாள். கடையில் யாரும் வாய் வைக்கக் கூடாது என்று ஒரு துருத்தி வைத்திருக்கிறார்கள், அதில் மாட்டி ஒவ்வொரு ஓட்டையாக மெதுவாகக் காற்றை விட்டுக் காட்டினாள். இலேசான காற்றுக்கே உடனே பேசினால்தான் நல்ல சரக்கு. என்ன வேலைப்பாடு அந்தத் துருத்தி! வால்வு மட்டும் நான் செய்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், அதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

அவள் சொன்னபடி மாற்றி வாங்கிவந்த புதியதைப் பழையதாகத் தெரியவைக்க என் வேலைக் கால்சட்டையில் ஒரு மணி நேரம் தேய்த்தேன். உன்னுடையதில் இருந்த கீறலை அதே மூலையில் அரத்தால் போட்டேன். டிராயரில் வைத்துவிட்டு, ஒரு பயலுக்கும் தெரியாது என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு வேலை சீக்கிரம் முடிந்து, நாலு மணிக்கே வீட்டுக்கு வந்தேன். படியேறும்போது உன் அறையிலிருந்து மவுத்ஆர்கன் சத்தம். நீ வாசிப்பாயே, முதலில் தேம்பிவிட்டு அப்புறம் துள்ளுமே, அதே பாட்டு. எனக்கு என்னமோ ஆகிவிட்டது. நீதான் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாய் என்று நினைத்து, கையில் ஸ்பானரோடு இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடிக் கதவைத் திறந்தேன். உன் கட்டிலில் சம்மணம் போட்டு உன் அம்மா. வாயில் மவுத்ஆர்கன். கண்ணை மூடிக்கொண்டு ப்ளூஸ் வாசிக்கிறாள்!

கண்ணைத் திறந்ததும் பயப்படுவாள் என்று பார்த்தால், என்னை மடக்கிவிட்டாள். "மரம் எப்படிங்க பிளாஸ்டிக் ஆச்சு? சொல்லுங்க" என்றாள். அந்த இடத்தை நான் மறந்தே போனேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், வாளி, டேப், ஏணி எல்லாம். அவள் கோபப்படவில்லை, பொலபொலவென்று அழுதுவிட்டாள். பத்து நாளாக டிராயர் காலியாக இருந்ததாம், தானே எங்கோ வைத்துத் தொலைத்துவிட்டதாக நினைத்து வீடு முழுக்கத் தேடினாளாம், என்னிடம் கேட்டால் தன் குட்டு உடைந்துவிடும் என்று வாயைத் திறக்கவில்லையாம். நீ போன மறுவாரத்திலிருந்தே தினமும் நான் வேலைக்குப் போனதும் போனைப் பார்த்து வாசித்துப் பழகியிருக்கிறாள். "அவன் இல்லாத ரூமைப் பார்க்க முடியலைங்க, அதான்" என்றாள். நாலாவது ஓட்டை கெட்டுப்போனதும் அவளால்தான், ஸ்வரத்தை வளைக்கிறேன் என்று அங்கேயே போட்டு இழு இழு என்று இழுத்து உள்ளே அதிர்ந்து சத்தம் எழுப்புகிற பித்தளை நாக்கையே சோர்ந்துபோக வைத்துவிட்டாள். நான் போய் அதற்கு வாளியில் வைத்தியம் பார்த்திருக்கிறேன். பாட்டில் எதற்கு இவ்வளவு சோகம் என்று கேட்டேன். "மனக்குறையைச் சொல்றதுதான் ப்ளூஸாம், முப்பது வருஷமா உங்களோட குடித்தனம் நடத்துறேன், எனக்கா விஷயத்துக்குப் பஞ்சம்?" என்றாள். நேற்று வாசித்த பாட்டு முழுக்க என் குறட்டையைப் பற்றியது என்று அவளே சொன்னாள்.

ஆக, குற்றவாளிகள் இரண்டு பேர், கடிதம் எழுதத் துணிந்தவன் ஒருத்தன். புதியதைத் துடைத்து உன் டிராயரிலேயே வைத்திருக்கிறோம், இனி நாங்கள் தொட மாட்டோம். அம்மாவுக்கு அங்கே நல்ல கடையில் ஒன்று பார்த்து எடுத்து வா, மேலே நான் எழுதியதை எல்லாம் கவனித்து வாங்கு, சுருதி மட்டும் 'ஏ' வேண்டுமாம், அது எதற்கு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எனக்கு எதுவும் வேண்டாம். பிளந்த மரத்தை ஒட்டி, புடைத்ததைச் சீவி, உன் பழையதை நானே வைத்துக்கொண்டேன். ஏழு ஓட்டை பேசுகிறது, மூன்று பேசாது.

வேலை அதிகம், லீவைத் தள்ளிப்போடலாமா என்று பார்க்கிறேன் என அம்மாவிடம் சொன்னாயாமே. உன் முதல் சம்பளத்துச் சாமானை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நாசம் பண்ணியிருக்கிறோம், உனக்குக் கோபம் வராமலா இருக்கும்? அதைப் போனில் தீர்த்துவிடாதே, கடிதத்திலும் வேண்டாம். அப்படியே கொண்டுவந்து, உன் அறையில் எங்களை வரிசையாக நிற்கவைத்து நேரில் திட்டு. கதவைச் சாத்தாமல் திட்டு, நாங்கள் ஆசை தீரக் கேட்கிறோம்.

நோய்நொடி இல்லாமல், மனசு நிறைஞ்சு, நீ நல்லா இரு ராசா. டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுது, அம்மா காலண்டரில் வட்டம் போடப் பேனாவோடு நிற்கிறாள்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அப்பா

பின்குறிப்பு: புதியதை நான் வாளியில் முக்கிப் பார்க்கவில்லை. வாளியை அம்மா ஒளித்துவைத்துவிட்டாள்.