வழி விட்டவளுக்கு

அதியமான்கோட்டை,
புதன்கிழமை.

அன்புள்ள தீர்த்தம்மாவுக்கு,

காளியப்பன் எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன், செவலை மாடு இருக்கிறது, கன்றும் இருக்கிறது. நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. ஓசூரில் மகள் கோகிலா வீட்டில் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் உன்னிடம் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் வேறு யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். நானும் 'இரு, ஒரு அவசரம்' என்று வைத்துவிடுகிறேன். காகிதத்துக்கு நடுவில் யாரும் கூப்பிட முடியாது. மூன்றாவதோடு நின்ற படிப்பு, தப்பு நிறைய இருக்கும். கோகிலாவிடம் கொடுக்காமல் எழுத்துக்கூட்டி நீயே படி.

மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நீ போனதிலிருந்து மாடு என்னைக் கிட்டே விடுவதில்லை. சொம்பை உதைத்துக் கவிழ்த்துவிட்டது. சுற்றுவட்டாரத்தில் என்னைத் தெரியாதவர்கள் இல்லை, என் வீட்டு மாட்டுக்குத்தான் நான் யாரோ. பக்கத்து வீட்டு லூர்துமேரிதான் வந்து கறந்து தருகிறாள். இரண்டு நாள் கறந்து வைத்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் மடியிலிருந்து கையை எடுக்காமலேயே கேட்டாள்: "ஏண்ணா, அன்னிக்கு ஆஸ்பத்திரியில பச்சப் பொடவைய நெசமாவே பாக்கலியா, இல்ல பாக்காத மாதிரி போனீங்களா?"

எந்தப் பச்சைப் புடவை என்றேன்.

போன மாதம் தக்காளி வண்டி ஓட்டுகிற மாதேஸ்வரனுடைய அப்பா ஆண்டிப் பெரியவருக்கு மூச்சு வாங்குகிறது என்று தருமபுரிக்கு ஓடினேனே, அந்த நாள். அந்தக் கதையைத்தான் உனக்கு நானே சொல்லியிருக்கிறேன். பெரியவர் ஆட்டோவில் ஏற மாட்டேன் என்றது, "பீடிக்கட்ட எடுத்தாந்தாத்தான் வருவேன், செத்தா அங்க எவன்டா எனக்குக் குடுப்பான்" என்று அடம்பிடித்தது, மாதேஸ்வரன் அழுதுகொண்டே பீடி தேடியது எல்லாம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்குகிற ஆண்கள் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. நான் பெண்கள் வரிசையில் புகுந்தேன். "பெரியவருக்கு முடியலம்மா, கொஞ்சம் வழி விடுங்க" என்றேன். "நாங்க மட்டும் இன்னா பூப்பறிக்கவா வந்தோம்?" என்று ஒருத்தி கத்தினாள். அதற்குள் யாரோ ஒருத்தி முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு நகர்ந்தாள். அந்த இடத்தில் கையை நுழைத்துச் சீட்டு வாங்கிவிட்டேன்.

அந்த ஒருத்தி நீதான் என்று லூர்துமேரி சொன்னாள்.

உனக்கு அடிவயிற்று வலி என்று அவள்தான் உன்னைக் கூட்டி வந்திருக்கிறாள். என்னிடம் எப்போதோ சொன்னாயாம், நான் 'பண்டிகை முடியட்டும்' என்றேனாம். அப்படிச் சொன்னதுகூட ஞாபகத்தில் இல்லை. என்னைக் கூப்பிடப் போனவளை நீ தடுத்தாயாம். "விடுடி, அவுரு ஒரு உசுருக்காக வந்திருக்காரு, நான் நின்னுக்கறேன்" என்றாயாம். நான் சீட்டோடு போன பிறகு உன்னைத் திரும்ப உன் இடத்தில் நிற்க விடவில்லை. "வழி விட்டவ நீதான, கடைசியில போய் நில்லு" என்றார்களாம். கடைசியில் நின்று பார்த்திருக்கிறாய். முடியாமல் கீழே உட்கார்ந்துவிட்டாய். சீட்டு வாங்காமலே பஸ் ஏறிவிட்டாய்.

அன்று ராத்திரி நான் சாப்பிட்டுக்கொண்டே, "எவ்ளோ கூட்டம் தெரியுமா, அஞ்சே நிமிசத்துல சீட்டு வாங்கிட்டேன்" என்று உன்னிடமே சொல்லிச் சிரித்தேன். நீ ரசம் ஊற்றினாய். "பெரியவருக்கு இப்ப தேவலாமாங்க?" என்று மட்டும் கேட்டாய். லூர்துமேரி போனதும், தீர்த்தம்மா, பீரோவைத் திறந்து பச்சைப் புடவையைத் தேடினேன். உன்னிடம் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

தொப்பூரில் லாரி கவிழ்ந்தாலும் ஓடினேன். எந்த வீட்டில் சாவு, எந்த வீட்டில் சடங்கு என்றாலும் பந்தக்கால் பிடித்தேன். லாரி கவிழ்ந்த அன்றைக்கு நீ காய்ச்சலோடு தக்காளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாய். நான் ரோட்டில் நின்று முன்பின் தெரியாதவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். அது தப்பென்று சொல்லவில்லை. ஆனால் திரும்பி வரும்போது என் உடம்பில் ஒரு பொட்டுத் தெம்பு மிச்சம் இருக்காது. உனக்கு என்றைக்கும் கிடைத்தது கட்டிலில் விழுகிற ஆள்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோகிலா ஃபோன் செய்தாள். கர்ப்பப்பையில் கட்டி, வருகிற வெள்ளிக்கிழமை ஆபரேசன் என்றாள். அம்மா உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார்கள் என்றாள். ஏன் என்று கேட்டேன். "அவுரு வந்தா இங்கயும் பக்கத்து பெட்டுக்காரனுக்கு டீ வாங்க ஓடுவாரு, வேணாம்னாங்கப்பா" என்று சொல்லிவிட்டு அழுதாள். பொய்யில்லை. ஓடியிருப்பேன்.

வெள்ளிக்கிழமைதான் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது. பந்தல், அண்டா, சமையல் ஆள் எல்லாம் என் தலையில். கோயில் பொறுப்பைப் பார்க்கிற தீர்த்தகிரி அண்ணனிடம் போய் இந்த வருசம் என்னால் ஆகாது என்றேன். அவர் துண்டை உதறிவிட்டு, "யோவ், நீ இல்லாம எப்புடிய்யா பண்டிக நடக்கும்? ஆத்தாளே உன்னத்தான் தேடுவா" என்றார். அதைக் கேட்டதும் என் நெஞ்சுக்குள் இனித்தது. லூர்துமேரி சொன்னதை எல்லாம் கேட்ட பிறகும் இனித்தது. வரிசையில் உன்னைத் தள்ளியதைவிட இதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இத்தனை நாளும் நான் ஓடியது அடுத்தவர் கஷ்டத்துக்கு மட்டும் இல்லை. போன இடத்திலெல்லாம் 'அண்ணன் வந்துட்டாரு' என்பார்கள். வீட்டுக்கு வந்தால் யார் அப்படிச் சொல்வார்கள்? மாட்டுக்குத் தண்ணீர் காட்டு என்பாய்.

எப்படியோ முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கோயில் சாமான் அறைச் சாவியை அவர் வீட்டிலேயே வைத்துவிட்டேன், திரும்ப எடுக்கப் போகவில்லை. மாட்டை லூர்துமேரி பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். இந்தக் கடிதத்தை மாதேஸ்வரன் நாளைக்கு ஓசூருக்குத் தக்காளி ஏற்றிப் போகும் வண்டியில் கொண்டுவந்து தருவான், அவன் திரும்பி வந்ததும் நான் பஸ் ஏறிவிடுவேன். அவனிடம் ஒரு உதவி கேட்பதற்குள் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கேட்டுப் பழக்கமே இல்லை.

நான் வந்தால் உனக்கு என்ன பிரயோசனம் என்று யோசித்தேன். எந்தப் பக்கம் படுத்தால் உனக்கு வலிக்காது, காப்பியா கஞ்சியா, ஒன்றும் எனக்குத் தெரியாது. கேட்டுக் கற்றுக்கொள்கிறேன். பக்கத்து பெட்டில் யார் கூப்பிட்டாலும் அவர்களுக்கும் ஆள் இருப்பார்கள் என்று உட்கார்ந்திருப்பேன். எனக்கு அது கஷ்டம்தான், உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும்.

மாரியம்மன் உனக்குத் துணை இருப்பாள். ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. வலித்தால் அடக்கிக்கொண்டிருக்காமல் சத்தம் போட்டுச் சொல். வா என்று நீ சொல்ல வேண்டாம், அதைக் கேட்க எனக்கு முகமில்லை. வராதே என்று மட்டும் மாதேஸ்வரனிடம் சொல்லி அனுப்பிவிடாதே.

உன் வீட்டுக்காரன்,
காளியப்பன்.