ஒரே தடத்தில் ஓட்டவைத்தவருக்கு

குமாரபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

கோச் கௌதமன் அவர்களுக்கு,

பிரவீனாவின் அம்மா தெய்வநாயகி எழுதுகிறேன். நலமா என்று கேட்க மனம் வரவில்லை, அதனால் கேட்கவில்லை. நாங்கள் நலம்.

நேற்று அன்பழகன் வீட்டுக்கு வந்திருந்தார். சேலத்தில் உங்கள் வேனை ஓட்டிக்கொண்டிருந்தவர், நல்ல மனிதர், காபி கொடுத்தேன். "கோச் ஊட்டியில புதுசா கேம்ப் ஆரம்பிக்கறாருங்க. சைக்கிள் சங்கத்துல நீங்க குடுத்த புகார் இருக்கற வரைக்கும் அனுமதி தர மாட்டேங்கறாங்களாம். கொஞ்சம் மனசு வெச்சு வாபஸ் வாங்கிக்கச் சொன்னாருங்க" என்றார். என் பதிலை அவர் வாயால் சொல்லியனுப்ப எனக்கு விருப்பமில்லை. போனில் உங்கள் குரலைக் கேட்கவும் விருப்பமில்லை. அதனால்தான் கடிதம்.

நடந்தது உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை.

ஏழாம் வகுப்பில் அவளை உங்களிடம் கொண்டுவந்து விட்டோம். மலையிறக்க சைக்கிள் போட்டி என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். வாரம் தவறாமல் பஸ் மாறி அயோத்தியாப்பட்டணம் வந்து, அங்கிருந்து உங்கள் வேனில் மலையேறுவாள். மேலே இறக்கிவிடுவீர்கள், சைக்கிளில் கீழே வருவாள். மறுபடி வேன், மறுபடி அதே தடம். பொழுது சாயும்வரை அது ஒன்றுதான் பயிற்சி. எந்தக் கல்லில் முன்சக்கரத்தைத் தூக்க வேண்டும், எந்த வளைவில் பிரேக்கை விட வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள். பள்ளிக்கூடத்தில் கபடி அணிக்குக் கூப்பிட்டார்கள், வேண்டாம் என்றீர்கள். நீச்சல் பழகட்டுமா என்று அவள் அப்பா கேட்டதற்கு, "மலை எறங்கறவளுக்கு ஆத்துல என்னங்க வேலை" என்று சிரித்தீர்கள்.

வீட்டுக்கு வந்தால் சோறு பிசைய விரல் மடங்காது. முன்கை இரண்டும் கல்லாக இறுகியிருக்கும். உங்களிடம் சொன்னேன். "வலிக்காம மெடல் வராதுங்கம்மா" என்றீர்கள்.

மாநில அணித் தேர்வுக்கு முந்தின வாரம் அவள் விரல் பிரேக்கைப் பிடிக்க மறுத்தது. வளைவில் விழுந்தாள். துண்டால் கையைக் கட்டி, தனியாகப் பஸ் ஏற்றி அனுப்பினீர்கள். கூட ஒருவரும் வரவில்லை. அன்று இரவே பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் பேசிப் போட்டீர்கள். "பிரவீனாவுக்குப் பயம் புகுந்துருச்சுங்க. தறிப்பட்டறையில வளந்த புள்ளைக்கு மலை ஒத்து வராது. அவ எடத்துல என் பொண்ணு ரஞ்சனி போறா." மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அதை அவளும் கேட்டாள். அவள் அப்பா ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு சேலத்துக்குக் கிளம்பினார். நான்தான் தடுத்தேன். அடித்தால் ஒரு நாளில் முடிந்துவிடும். எனக்கு அது போதாது.

ஈரோட்டில் கட்டுப் போட்ட எலும்பு டாக்டர் சித்ரா எக்ஸ்ரேவைப் பார்த்துச் சொன்னது இது: "கீழ விழுந்ததுல வந்த விரிசல் இல்லைங்க. ஒரே எடத்துல ஒரே அதிர்ச்சி ரொம்ப நாளா விழுந்து வந்தது. வளர்ற ஒடம்புக்கு விதவிதமா வேலை குடுக்கணும். ஒண்ணையே குடுத்தா இப்படித்தான்." பயம் என்று நீங்கள் ஊருக்குச் சொன்னது எலும்பு விரிசல்.

கட்டுப் பிரித்த பிறகும் டாக்டர் சைக்கிளைத் தொடவிடவில்லை. அப்பாவோடு காவிரியில் இறங்கினாள். கயிறு தாண்டினாள். பள்ளிக்கூடத்துக் கபடி அணியில் சேர்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். சைக்கிள் கைக்கு வந்ததும் முதலில் மேடு ஏறினாள், நீங்கள் ஒருநாளும் ஏறவிடாத மேடு. பிறகு சங்ககிரிப் பக்கம் கல்லும் முள்ளுமான தடம், ஆற்று மணல், ஜேடர்பாளையத்தில் ஒற்றையடியான வாய்க்கால் கரை, மழை பெய்தால் களிமண் காடு. போன வாரம் போன இடத்துக்கு இந்த வாரம் போகக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். அவள் சிரித்துக்கொண்டே ஓட்டினாள், அவளுக்கு அது விளையாட்டு. நான் கரையில் நின்று உங்கள் முகத்தை நினைத்துக்கொண்டிருப்பேன்.

ஐப்பசியில் உங்கள் பயிற்சி மலையிலேயே நடந்த மாநிலப் போட்டிக்கு அவள் தனியாகப் பெயர் கொடுத்தாள். முந்தின நாள் மழையில் தடத்தின் நடுப்பகுதி அரித்துப்போய், பாதையைப் பக்கத்துச் சரிவில் திருப்பிவிட்டார்கள். உங்கள் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவைத்திருந்த வளைவு அங்கே இல்லை. ஒவ்வொருவராகப் பிரேக்கை இறுக்கிச் சறுக்கினார்கள். என் மகள் சேற்றைப் பார்த்தாள், அதற்கேற்றபடி உடம்பைச் சாய்த்தாள், இறங்கிவிட்டாள். முதலிடம் என்று அறிவித்தபோது நான் அவளைப் பார்க்கவில்லை, உங்களைப் பார்த்தேன். இனித்தது. சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அத்தோடு விட்டிருப்பேனோ என்னவோ. மறுநாள் பேப்பரில் நீங்கள் சொன்னது வந்தது. "என்கிட்ட வளந்த பொண்ணுதான், அஸ்திவாரம் நான் போட்டது." அதைப் படித்த பிறகுதான் சங்கத்தில் புகார் கொடுத்தேன். உங்களிடம் பிள்ளைகளை விட்டிருந்த வீடுகளுக்கெல்லாம் நடையாய் நடந்தேன். எக்ஸ்ரேவைக் காட்டினேன், வாட்ஸ்அப்பில் வந்த உங்கள் குரலைப் போட்டுக் காட்டினேன். சேலத்தில் உங்கள் வேன் காலியானது அப்படித்தான். யார் வேலை என்று இதுவரை தெரியாவிட்டால் இப்போது தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் இப்போது எங்கள் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள்.

"விட்ருங்கம்மா, நான்தான் ஜெயிச்சுட்டேனே" என்கிறாள் பிரவீனா. அவளுக்கு மனசு பெரிது. எனக்கு அப்படி இல்லை. புகாரை எடுக்கமாட்டேன். விசாரணைக்கு வாருங்கள், நீங்கள் பேசும்போது எதிரில் உட்கார்ந்திருப்பேன்.

இன்னொன்றும் எழுத வேண்டியிருக்கிறது. போட்டியன்று புறப்படும் இடத்தில் உங்கள் ரஞ்சனி வலது கையை உதறிக்கொண்டே நின்றாளாம். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருக முடியாமல் பிரவீனாவிடம் நீட்டினாளாம். "அம்மா, அது எனக்கு வந்த அதே வலிதாம்மா" என்று இவள் சொன்னபோது, அவள் அப்பா பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். நேற்று அன்பழகனிடம் விசாரித்தேன். அந்தப் பெண் இன்னும் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஓட்டுவதாகச் சொன்னார். எனக்குப் பகை உங்களோடு. அந்தக் கையோடு இல்லை.

டாக்டர் சித்ராவிடம் அவள் பெயரைச் சொல்லிவைத்திருக்கிறேன். வியாழக்கிழமை ஈரோட்டுக்கு அனுப்புங்கள். நீங்கள் வர வேண்டாம், அவள் அம்மா கூட்டிவரட்டும், பஸ் நிலையத்தில் நான் காத்திருப்பேன். அதுவரைக்கும் அவளை மலையில் ஏற்றாதீர்கள். தயவு செய்து ஏற்றாதீர்கள். இந்த ஒன்றைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

ரஞ்சனியின் கை நன்றாகட்டும். நன்றாகி, அடுத்த போட்டியில் என் மகளையே முந்திக்கொண்டு இறங்கட்டும். என் ஆசீர்வாதம் முழுக்க அவளுக்கு உண்டு. உங்களுக்கு இல்லை.

இப்படிக்கு,
பா. தெய்வநாயகி,
பிரவீனாவின் அம்மா.