பாலாஜியின் இரண்டு பேட்ச்கள்

ஜூன் 12, வியாழன்

லினக்ஸ் புரோகிராமில் சேர்க்கவேண்டிய ஐந்து பேட்ச்களையும் இன்று நான்காவது முறையாக மெயிலில் அனுப்பினேன். வழக்கம்போல பாலாஜியின் முகவரிக்குப் போனது மட்டும் திரும்பி வந்துவிட்டது. மார்ச்சில் அவன் போனான்; அந்த வாரமே ஆபீஸில் அந்த முகவரியை மூடிவிட்டார்கள். ஆனால் முதல் இரண்டு பேட்ச்களும் அவன் எழுதியவை. எழுதியவன் பெயர் இருந்தால் முகவரியும் இருக்கத்தான் வேண்டும். நான் எடுக்கப் போவதில்லை.

சூளகிரி தாண்டி, மழையில், லாரி. இதற்கு மேல் எழுத வரவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி குருபரப்பள்ளி போனேன். பாலாஜியின் மனைவி சுமலதாவுக்கு இந்த வாரம் காலை ஷிஃப்ட். போச்சம்பள்ளி கம்பெனி பஸ் விடியும் முன்பே வந்துவிடுகிறதாம். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. உட்காரும் முன்பே கேட்டாள். "அவரு பேரு வந்துருச்சாக்கா?"

பாலாஜி அவளிடம் சொல்லியிருக்கிறான்: லினக்ஸின் மையப் புரோகிராமான கர்னலில் ஒருமுறை பேர் ஏறிவிட்டால் யாராலும் அழிக்க முடியாது, எந்த நாட்டில் யார் எடுத்துப் பார்த்தாலும் இருக்கும் என்று. அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

என்னால் முடிந்தவரை விளக்கினேன். கர்னலில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மெயின்டெய்னர் உண்டு, அவர் ஏற்றுக்கொண்டால்தான் மாற்றம் உள்ளே போகும். பாலாஜியின் இரண்டும் எங்கள் சிப்பின் துடிப்பைக் கவனிக்கும் கிளாக் பகுதிக்குப் போகவேண்டியவை. என்னுடைய மூன்றும் மோட்டார் பகுதிக்கு. அவனுடையவை இல்லாமல் என்னுடையவை கம்பைல்கூட ஆகாது. இரண்டு மெயின்டெய்னர்களும் வேறு வேறு நாட்டில் இருக்கிறார்கள், இருவருக்கும் வேலை தலைக்கு மேல்.

அப்படியென்றால் யார் முதலில் எடுக்கவேண்டும் என்று கேட்டாள். அதைத்தான் இருவரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

ஜூன் 27

இரண்டு பதில்கள், ஒரே நாளில். பாலாஜியின் இரண்டையும் கிளாக் மெயின்டெய்னர் ஏற்று, தானும் எடுத்துக்கொள்ளும்படி ஒரு தனிக் கிளையாக, அதாவது தனிப் பிரதியாக, கொடுத்தால் மீதியைச் சேர்த்துக்கொள்வதாக மோட்டார் மெயின்டெய்னர் எழுதியிருக்கிறார். கிளாக் மெயின்டெய்னரோ ஐந்தும் மோட்டார் வழியாகவே போகட்டும் என்கிறார். நல்லது, போகட்டும். ஆனால் அதற்கு அவர் தன் ஒப்புதலை முறைப்படி ஒரு வரியாக எழுதித் தரவேண்டும். எழுதவில்லை. அந்த வரி இல்லாமல் மற்றவர் தொட மாட்டார்.

ஒரே ஒரு வரி. கேட்டு எழுதினேன்.

ஜூலை 4

பதில் இல்லை.

ஜூலை 11

மறுபடி கேட்டேன். ரொம்பப் பணிவாக. அனுப்பிய பிறகு படித்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஜூலை 16

மோட்டார் மெயின்டெய்னர் என் மூன்றையும் எடுத்துக்கொண்டார்! பாலாஜியுடையவை ஏற்கெனவே கிளாக் கிளையில் சேர்ந்துவிட்டதாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது. தவறு என்று உடனே எழுதினேன். அவர் ஊரில் அப்போது விடியவில்லை.

ஜூலை 17

அவர் என் மெயிலைப் பார்ப்பதற்குள் எல்லாக் கிளைகளையும் ஒன்றாகச் சேர்த்துச் சோதிக்கும் தொகுப்பு உடைந்துவிட்டது, கம்பைல் ஆகவில்லை. யார் யாரோ புகார். எல்லாவற்றிலும் என் பெயர். மூன்றையும் தூக்கிவிட்டார். வரிசையை இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கவேண்டுமாம், இந்த வெளியீட்டுச் சுற்றில் இனி இடமில்லையாம். வரிசை முதல் மெயிலின் முதல் பத்தியிலேயே இருக்கிறது.

கடைசியில் ஒரு வரி: திரும்பி வரும் அந்த முகவரியைத் தயவுசெய்து நீக்குங்கள், தொந்தரவாக இருக்கிறது.

அவருக்குத் தெரியாது. நான்தான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? பரிதாபப்பட்டு எடுத்துக்கொண்டார்கள் என்று ஆகிவிடக்கூடாது, அவன் எழுதிய கோடுக்காக எடுக்கவேண்டும் - அப்படியா? இல்லை, எழுதினால் உண்மையாகிவிடும் என்ற பயமா?

ஜூலை 18

எங்கள் மேனேஜர் மணிவேல் சார் கூப்பிட்டார். சேலத்துக்காரர், கோபத்தைக்கூட மெதுவாகத்தான் சொல்வார். இந்தச் சிப்புக்கான கோடு கர்னலிலேயே இருக்கவேண்டும் என்று கஸ்டமர் கேட்கிறார், வருஷக் கடைசிக்குள் நடக்காவிட்டால் புராஜெக்ட்டை மூடிவிடுவார்கள் என்றார். பிறகு மேஜையைப் பார்த்தபடி, "ஏம்மா ஃபெபா, பாலாஜி கோடு இல்லாம வேற வழியில போக முடியாதா?" என்றார்.

முடியாது சார் என்றேன். முடியுமா என்று நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

ஆகஸ்ட் 19

ஐந்தாவது முறை. யார் எதை எந்த வரிசையில் எடுக்கவேண்டும் என்று குழந்தைக்குச் சொல்வதுபோல எழுதினேன். பாலாஜி முகவரி அப்படியே இருக்கிறது. திரும்பி வந்தது.

செப்டம்பர் 9

கிளாக் மெயின்டெய்னரிடமிருந்து கடைசியில் நீளமான பதில். காக்க வைத்ததற்கு மன்னிப்பு. இதே பிரச்சினைக்கு எல்லாச் சிப்புகளுக்கும் பொருந்தும் ஒரு பொதுவழியை வேறொருவர் எழுதியிருக்கிறாராம், அதை ஏற்கப் போகிறாராம். எனவே முதல் இரண்டு பேட்ச்களும் தேவைப்படாது. மீதி மூன்றை அதன்மேல் பொருத்தி அனுப்பினால் இனி யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

தேவைப்படாது.

அந்தப் பொதுவழியைப் படித்தேன். குறை கண்டுபிடிக்கவே படித்தேன். நன்றாக இருக்கிறது. பாலாஜியுடையதைவிட நன்றாக இருக்கிறது. அவன் இருந்திருந்தால் படித்துவிட்டு "இது கரெக்ட்டுங்க மேடம்" என்று தலையை ஆட்டியிருப்பான். ஒருவேளை அவனே அங்கே வந்து சேர்ந்திருப்பான். அடித்தளம் அவன் முதலில் போட்ட அதே அடித்தளம்தான்.

முதல் முறையாக அதைப் பதிலில் எழுதினேன்: அந்த இரண்டையும் எழுதியவர் மார்ச்சில் சாலை விபத்தில் இறந்துவிட்டார், புதிய பேட்ச்சில் அவர் பெயரை ஒரு வரியில் குறிப்பிட முடியுமா?

அனுப்பினேன்.

செப்டம்பர் 25

பதில் இல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

குந்தாரப்பள்ளி அருகே சாலை வேலை. பஸ் நின்று நின்று போனது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். போனேன். சுமலதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: அவன் கோடு போகாது, வேறொருவருடையது போகும், பெயருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.

காய வைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். மடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இனிமே இதச் சொல்ல வராதீங்க. நீங்க வந்து அங்க நிக்குது, இங்க நிக்குதுன்னு சொல்றப்பல்லாம் அவரு இன்னும் ஆபீஸ்ல இருக்கற மாதிரியே இருக்குது. நீங்க போனதும் மறுபடி முதல்லருந்து தெரிஞ்சுக்க வேண்டியிருக்குது."

டீ போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். எப்படி வீடு வந்தேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 6

என்ன பண்ணிட்டிருந்தேன் நான்? ஆறுதல் சொல்றேன்னு போய்ப் போய் அந்தப் பொண்ணக் கொன்னுட்டு வந்திருக்கேன். அவளுக்காகவா போனேன்? எனக்குத்தான் அவன் இன்னும் ஆபீஸ்ல இருக்கணும். எனக்குத்தான்.

ஜெபம் பண்ண உட்கார்ந்தேன். கர்த்தாவே என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

அக்டோபர் 20, தீபாவளி

தெருவெல்லாம் வெடி. கிளாக் மெயின்டெய்னர் பதில் போட்டிருக்கிறார். மிகவும் வருந்துகிறாராம். ஆனால் அந்தப் பேட்ச் கிளையில் சேர்ந்துவிட்டது, அதன்மேல் மற்றவர்கள் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள், இனி அதனோடு உள்ள விளக்கக் குறிப்பை மாற்ற முடியாது. என் பேட்ச்சில் வேண்டுமானால் நான் குறிப்பிடலாம் என்கிறார். அவர்மேல் கோபப்படப் பார்த்தேன். வரவில்லை. அழிக்க முடியாது என்று பாலாஜி சொன்னது இதைத்தானே. புதிதாக எழுதவும் முடியாது.

நவம்பர் 3

மூன்று பேட்ச்களை மட்டும் அனுப்பினேன். அவன் முகவரியை எடுத்துவிட்டேன்.

நவம்பர் 12

மோட்டார் மெயின்டெய்னர் எடுத்துக்கொண்டார். "நன்றி, ஏற்றுக்கொண்டேன்." அவ்வளவுதான். இத்தனை மாதம் எதற்கு?

டிசம்பர் 7, ஞாயிறு

மூன்றும் இந்த வாரம் மெயின் கர்னலில் சேர்ந்துவிட்டன. எழுதியவர் என்று மூன்றிலும் என் பெயர். முதலாவதின் விளக்கத்தில், இந்த வழியை முதலில் எழுதிப் பார்த்தவர் மறைந்த பாலாஜி என்று நான் எழுதிய வாக்கியத்தை யாரும் வெட்டவில்லை. மணிவேல் சார் எல்லோருக்கும் மைசூர்பாக் கொடுத்தார். என் பங்கை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன்.

நேற்று சுமலதா போன் செய்தாள். இங்கே ஓசூரிலேயே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, மூக்கண்டப்பள்ளியில் ஒரு ரூம் பார்க்கவேண்டும், கூட வர முடியுமா என்று கேட்டாள். இன்று போனோம். மாடியில் ஒற்றை அறை, நல்ல வெளிச்சம். வீட்டுக்காரம்மா கெம்பம்மா, சுமலதாவின் கணவருக்கு என்ன வேலை என்று கன்னடத்தில் விசாரித்தார். சுமலதாவும் கன்னடத்திலேயே சொன்னாள்: மோட்டாருக்குக் கோடு எழுதிக்கொண்டிருந்தார், இறந்துவிட்டார், இப்போது நான் மட்டும்தான். குரல் மாறவே இல்லை. கெம்பம்மா ஜன்னலைத் திறந்துவிட்டு, தண்ணீர் எப்போது வரும் என்று சொல்ல ஆரம்பித்தார்.

கர்னலில் மெர்ஜ் ஆனதை நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

இறங்கும்போது மாடிப்படி திரும்பும் இடத்தில் நின்றாள். குருபரப்பள்ளி வீட்டிலிருக்கும் பீரோ இதில் ஏறுமா என்று இருவரும் கையை விரித்து அளந்து பார்த்தோம். எப்படிச் சாய்த்தாலும் ஏறாது.

"சரிக்கா, அது அங்கயே இருக்கட்டும்" என்றாள்.