அம்மாவுக்கு வந்தது சாமி இல்லை

அம்மா,

மஞ்சள் தண்ணீர் வாசம் இன்னும் தோட்டத்து லயத்து வீடுகளை விட்டுப் போகவில்லை. கரகம் இறங்கிவிட்டது. எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் நம் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

காலையிலேயே பெரியம்மா வந்தார். உன் பெயரில் அம்மனுக்கு மன்னிப்புப் பூசை செய்யவேண்டுமாம். உனக்குச் சாமி வந்தபோது அது சாமியே இல்லையென்று நீ சொன்னாயாம். அந்தக் கோபத்தில்தான் உன்னைக் குளவி கொட்டியதாம்.

"தலையில மஞ்சத்தண்ணி ஊத்திக்கிட்டு, எங்கம்மா தெரியாம சொல்லிட்டான்னு ஒரு வார்த்த சொல்லிரு புள்ள. அவ்வளவுதான்."

"எங்கம்மா தெரிஞ்சுதான் சொன்னிச்சு" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

அந்தத் திருவிழாவை நான் மறப்பேனா? தப்பு மேளச் சத்தத்துக்கு நடுவில் உன் முகம் சிவந்தது. கழுத்திலிருந்து வேர்வை ஓடியது. நீ கொண்டையை அவிழ்த்துவிட்டாய். "ஆத்தா வந்துட்டா" என்று பூசாரி கத்தி, உன் தலையில் செம்புத் தண்ணீரைக் கவிழ்த்தார். லயமே கும்பிட்டது. ஒருத்தி உன் காலைப் பிடித்து, "எம்மவன் வெளிநாடு போவானா தாயே" என்று அழுதாள்.

நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "எனக்கென்னடி தெரியும், ஏஜென்சிக்காரன்கிட்ட கேளு. எனக்குத் தீட்டு நின்னுருச்சு, அதுல வர்ற சூடு இது. குடிக்க ஒரு கோப்ப தண்ணி குடுங்க."

தப்பு நின்றுபோனது. நான் மட்டும்தான் சிரித்தேன்.

அதற்கு முன்பே ஒரு வருடத்துக்கும் மேலாக நீ அந்தச் சூட்டோடுதான் கிடந்தாய். இரவெல்லாம் ஈரத் துண்டோடு சிமெந்துத் தரையில் புரண்டாய். காலையில் ஈரம் படாமல் இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனாய். மழை மூட்டத்திலும் நீ வேர்த்து நின்றதைப் பார்த்துக் கங்காணி கேட்டார்: "என்னா, ஒனக்கு மட்டும் வெயில் அடிக்குதா?"

"ஆமா, எனக்குன்னு தனியா ஒரு வெயில் அடிக்குது. நீங்க கொழுந்த நிறுங்க."

திருவிழா முடிந்ததும் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நான் ஏ.எல். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு கொடகவெல டவுனில் ஃபோன் கடையில் வேலைக்கு நின்றதற்கு ஒரு பலன், டொக்டரம்மாவின் சிங்களம் எனக்கு முழுசாகப் புரிந்தது. குடும்பத்தில் யாருக்காவது மார்புப் புற்றுநோய் இருந்ததா, காலில் இரத்தம் கட்டியதுண்டா என்று கேட்டார். பிரஷர் பார்த்தார். உடம்பில் குறைந்துபோன ஹோர்மோனை மாத்திரையாக எடுக்கலாம், சூடும் தூக்கமும் சரியாகும், ஆனால் மார்புப் புற்றுநோயோ இரத்தக் கட்டியோ வரச் சிறிய ஆபத்து உண்டு என்றார். கருப்பை இருப்பதால் இரண்டு வகை ஹோர்மோன் சேர்த்துத்தான் எடுக்கவேண்டும், மறுபடி தீட்டுப்போல் இரத்தம் பட்டால் உடனே வரவேண்டும் என்றார். வேண்டாமென்றால் வேறு மருந்தும் உண்டு, யோசித்து வாருங்கள் என்றார்.

பஸ்ஸில் நீ என் கருத்தைக் கேட்டாய்.

"எடுக்காத. பயமா இருக்கு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாய்: "பயம் ஒனக்கு. தூக்கம் போனது எனக்கு."

எடுத்தாய். இந்த வயதில் குமரியாகப் பார்க்கிறாள் என்று லயத்தில் பேசினார்கள். "கொமரியாகி என்னா செய்ய, மறுபடி கூடையத்தானே தூக்கணும்? எனக்குத் தூங்கணும்டி" என்றாய். முழங்கால் வலி போகவில்லை. சூடு மெல்ல மெல்லக் குறைந்தது. நீ விட்ட குறட்டையில் எனக்குத்தான் தூக்கம் போனது.

அப்புறம் குளவி. மலை ஓரத்து மரத்தில் கூடு இருந்தது எல்லோருக்கும் தெரியும். கலைக்கச் சொல்லி நீயும் கேட்டாய், யாரும் கலைக்கவில்லை. அது தானாகக் கலைந்த அன்று நீதான் அடியில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாய். உன்னைப் புதைத்த ஈரம் காயுமுன்னே மாத்திரைதான் காரணம் என்றார்கள், பிறகு சாமி என்றார்கள். கூட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதற்கு நான் மன்னிப்புக் கேட்கவேண்டுமாம்.

இன்று கரகம் வந்தபோது பூசாரி என் முன்னால் செம்போடு நின்றார். நான் தலை குனியவில்லை. பின்னால் பெரியம்மா, குனியடி குனியடி என்று முதுகில் இடித்துக்கொண்டே இருந்தார். திடீரென்று இடிப்பது நின்றது. திரும்பினேன். முகம் சிவந்து, வேர்வை கொட்ட நின்றார். பூசாரியின் செம்பு அவர் பக்கம் திரும்பியது.

பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, காதோடு சொன்னார்: "புள்ள, எனக்குச் சாமி வரல."

செம்பை மறித்துக்கொண்டு நான் சத்தமாகச் சொன்னேன்: "பெரியம்மாவுக்குச் சாமி வரல. தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்."

கோயிலுக்குப் பின்னால் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்து, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அந்த டொக்டரம்மா என்னைக்கு இருப்பாங்க? அந்த மாத்திர நானும் எடுக்கலாமா?"

"கூட்டிட்டுப் போறேன், அவங்க சொல்றத சொல்றேன். எடுக்கிறதா வேணாமான்னு எங்கிட்ட கேக்காதீங்க பெரியம்மா. பயம் எனக்கு. தூக்கம் போனது ஒங்களுக்கு."